எடை மெஷினும் இஞ்சு டேப்பும்

எங்கள் வயதுக்காரர்களுக்கு எடை பார்ப்பது என்றாலே ரயில் நிலையம்தான் ஞாபகத்துக்கு வரும். பிளாட்பாரத்தில் ஆள் உயர மெஷின். ஏறி நின்றால் கலர் விளக்குகள் மினுக்கும், சக்கரம் சுற்றும், காசு போட்டால் ‘டக்’கென்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ராசிபலன். ராசிபலனை எல்லோரும் படித்தோம், யாரும் நம்பவில்லை. எடையை எல்லோரும் நம்பினோம். அந்த எடையைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

காரணம், என் மாப்பிள்ளை. வயது 46. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றவர். பதவி உயர உயர நாற்காலி வந்தது, பிறகு ஏ.சி. வந்தது, இப்போது முன்னால் இரண்டு திரைகள். காலையில் தெருமுனைக்கே கம்பெனி பஸ் வருகிறது. மாலையில் அதே இடத்தில் இறக்கிவிடுகிறது. போன வருடம் கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்தது. 100க்குக் கீழே இருந்தால் சரி, 126ஐத் தொட்டால் நீரிழிவு. இவர் நடுவில் நிற்கிறார். எல்லைக்கோடு என்கிறார்கள். ஓசூர்வாசிகளுக்கு எல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி போகும்போது கடை போர்டுகளில் எழுத்து மாறிய பிறகுதான் தாண்டிவிட்டோம் என்றே தெரியும்.

வீட்டில் பயம் வந்ததற்கு வேறு காரணம் உண்டு. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஐம்பதாவது வயதில் சர்க்கரை வந்தது. 61வது வயதில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டுப் போட்ட அந்தக் காலைத் தினமும் பார்த்துப் பழகியவள் என் மகள்.

ஆகவே மாப்பிள்ளை நடக்கத் தொடங்கினார். ராமநாயக்கன் ஏரிக்கரையில் தினமும் அரை மணி நேரம். ஓசூர்க் குளிரில், மார்கழியில்கூட விடவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் எடை பார்த்தார். 78 கிலோ 77 ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

“மாமா, தொண்ணூறு நாள் நடந்து ஒரே ஒரு கிலோ. ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிட்டா அது மறுநாளே திரும்பி வந்துடுது. என் உடம்புக்கு இதெல்லாம் ஒத்து வராது போல” என்றார். மறுவாரம் ஷூ வாசலிலேயே கிடந்தது.

நான் மருத்துவன் அல்ல. முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து கோப்பு படித்தவன். ஒரு மனுவைத் தள்ளுபடி செய்வதற்கு முன் அதன் இணைப்புகளையெல்லாம் படிக்க வேண்டும் என்று பழகியவன். “மாப்பிள்ளை, முடிவெடுக்க ஒரு வாரம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து படித்தேன்.

முதலில் இந்த ‘பி.எம்.ஐ.’ விஷயம். உடல் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். டாக்டர் சீட்டிலெல்லாம் எழுதுகிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்ல. அடோல்ஃப் கெத்லே என்ற பெல்ஜியம் நாட்டு வானியலாளர், கணித அறிஞர். பிரெஞ்சு மொழியில் எழுதியவர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் இந்த மனிதரிடம் எனக்குக் கொஞ்சம் ஒட்டுதல் வந்துவிட்டது. 1830களில் அவர் தேடியது ‘சராசரி மனிதன்’ என்ற ஒரு கணக்கை. யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்பதெல்லாம் அவருடைய கேள்வியே இல்லை. 1972ல் அமெரிக்காவில் ஆன்செல் கீஸ் என்பவர் அந்தப் பழைய கணக்கை எடுத்து, பி.எம்.ஐ. என்று பெயர் வைத்துப் புழக்கத்தில் விட்டார். கூட்டத்தை அளக்கச் செய்த அளவுகோல், தனி ஆளை அளக்க வந்த கதை இது.

தனி ஆளை அது எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு புகைப்படம் இருக்கிறது. 2004ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. யாரும் குண்டு இல்லை. ஆனால் கருவியில் படுக்க வைத்து உடம்பை அளந்தபோது, ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் ஆள் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியான கை கால், நடுவில் ஒரு சின்னத் தொப்பை. ரேஷன் கடை வரிசையில் நின்று பாருங்கள், நம்மில் பாதிப் பேர் இந்த அமைப்புதான். அதனால்தான் இந்தியர்களுக்கென்று தனி எல்லை வைத்தார்கள். பி.எம்.ஐ. 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.

பிரெஞ்சில் தொப்பைக்கு மரியாதையான ஒரு சொல் உண்டு. ‘ஆம்போன்புவேன்’. சொல்லைப் பிரித்தால் ‘நல்ல நிலையில்’ என்று பொருள். நம் ஊரிலும் ஒரு காலத்தில் அப்படித்தானே இருந்தது? தொப்பை இருந்தால் வசதியான குடும்பம்.

இனி மாப்பிள்ளையின் ஒரு கிலோ கணக்குக்கு வருகிறேன். அவர் எடைக்கு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 130, 140 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. வகுத்துப் பாருங்கள், சாப்பாட்டில் எதையும் கூட்டாமல் இருந்தாலே ஒரு கிலோ குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மூன்று மாதத்தில் ஒன்றரை கிலோ குறைந்திருக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தது. மீதி அரைக் கிலோவை ஏரிக்கரை டீக்கடை பார்த்துக்கொண்டது. ஆக, அவர் உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருந்தது. ‘ஒரே மாதத்தில் பத்து கிலோ’ என்று ஜிம் வாசலில் கட்டியிருக்கும் பேனரில்தான் கணக்கு தவறு.

இதைவிட முக்கியமான விஷயம் சென்னையிலேயே கிடைத்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006ல் வெளிவந்தது. சர்க்கரை வரும் நிலையில், எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். பணியிடங்களில் பரிசோதனை நடத்தித் தேர்ந்தெடுத்தவர்கள். சராசரி வயது 46, அப்படியே என் மாப்பிள்ளை வயது! அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு குழுவுக்கு உணவில் கட்டுப்பாடு, உட்கார்ந்த வேலைக்காரர்களாக இருந்தால் தினமும் குறைந்தது அரை மணி வேக நடை. ஏற்கெனவே உடல் உழைப்பில் இருந்தவர்களைப் புதிதாக எதுவும் செய்யச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்த நுணுக்கம். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதுக்கு இரண்டும்.

மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆகியிருந்தார்கள். நடந்த குழுவில் 39 பேர். மாத்திரைக் குழுவில் சுமார் 40. இரண்டும் செய்தவர்களுக்கும் அதே அளவுதான். அதாவது நடை, மாத்திரைக்குச் சமமாக நின்றது.

நடந்த குழுவின் எடை எவ்வளவு குறைந்தது என்று தேடிப் படித்தேன். குறிப்பிடும்படி ஒன்றும் குறையவில்லை. எடை அப்படியே இருக்க, நோய் மட்டும் விலகி நின்றிருக்கிறது.

இந்த இடத்தை மாப்பிள்ளையிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். “அப்ப என்னதான் மாமா மாறுது உள்ள?” என்று கேட்டார். நல்ல கேள்வி. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். வேலை செய்கிற தசை, இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்தே இருக்கும் தசை வாங்காது. வாங்காத சரக்கு ரத்தத்தில் தேங்கும், கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பாகப் படியும். நடையில் இந்தப் போக்குவரத்துதான் முதலில் சீராகிறது. எடை மெஷின் முள்ளுக்கு இது எதுவும் தெரியாது.

அடுத்து அவர் கேட்டது, நடையா ஜிம்மா என்பது. கம்பெனி கேன்டீனில் இதற்கு இரண்டு கட்சி இருக்கிறதாம். இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடியவர்கள் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துக்காரர்கள். உட்கார்ந்தே பழகிய, எடை கூடிய ஆட்களைச் சேர்த்து மூன்று அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணிக்கு வேக நடை, மெதுவோட்டம் போன்றவை, வாரத்துக்கு சுமார் 19 கிலோமீட்டர் அளவுக்கு. ஒரு அணிக்கு வாரம் மூன்று நாள் பளு தூக்கும் பயிற்சி மட்டும். மூன்றாவது அணிக்கு இரண்டும். எட்டு மாதம். சாப்பாட்டை மாற்றச் சொல்லவில்லை. முழுவதும் முடித்தவர்கள் 119 பேர், முடிவு 2012ல் வந்தது.

நடந்தவர்களுக்குச் சராசரியாக ஒன்றேமுக்கால் கிலோ குறைந்தது, அநேகமாக முழுவதும் கொழுப்பு. பளு தூக்கியவர்களுக்கு எடை முக்கால் கிலோவுக்கு மேல் கூடியது! ஆனால் கூடியது தசை. கொழுப்பு பெரிதாகக் குறையவில்லை. இரண்டும் செய்தவர்களுக்கு எடைக் குறைவு நடந்தவர்களைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான். உள்ளே பார்த்தால் கொழுப்பு சுமார் இரண்டரை கிலோ போயிருந்தது, தசை முக்கால் கிலோவுக்கு மேல் சேர்ந்திருந்தது. வரவும் செலவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் இருப்பில் வித்தியாசம் தெரியவில்லை. கருவூலக் கணக்கு பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இருப்புத் தொகை மாறவில்லை என்பதற்காக அந்த மாதம் நடவடிக்கையே இல்லை என்று எந்த எழுத்தரும் எழுத மாட்டான்.

மூன்றாவது அணிக்கு மற்றவர்களைப்போல் இரு மடங்கு நேரம் ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவருக்கு அவ்வளவு நேரம் ஏது? நேரம் ஒன்றுக்குத்தான் உண்டு, குறைய வேண்டியது கொழுப்பு என்றால் நடைதான் முதலில். அதோடு ஜிம்மில் சொல்கிற ஒரு கதையை நம்ப வேண்டாம். தசை ஏறிவிட்டால் தூங்கும்போதும் கொழுப்பை எரித்துத் தள்ளும் என்கிறார்கள். ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் ஒரு நாளுக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. ஒரு பிஸ்கட்டுக்குக்கூடக் காணாது. தசை வேண்டியது வேறு காரணத்துக்காக, அதைக் கீழே சொல்கிறேன்.

ஒன்றும் செய்யாமல் இருந்தால்? அதே டியூக்காரர்களின் முந்தைய ஆய்வில், வழக்கம்போல் உட்கார்ந்தே இருந்த அணிக்கு ஆறே மாதத்தில் வயிற்றுக்குள், உள்ளுறுப்புகளைச் சுற்றி இருக்கும் கொழுப்பு 8.6 சதவீதம் கூடிவிட்டது. சும்மா இருப்பது என்பது இருந்த இடத்தில் இருப்பது அல்ல. நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். ஆதரவில், தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் கேட்டு 2014ல் வெளியிட்ட ஆய்வில் 54.4 சதவீதம் பேர் இப்படித்தான், போதிய உடலியக்கம் இல்லாதவர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அலுவலகம் ஞாபகம் வந்தது. எழுத்தர்கள் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். ஒரு பியூன். மாடியில் அதிகாரி அறை, கீழே எங்கள் மேஜைகள், பின்கட்டில் ஆவண அறை. நாள் முழுக்கக் கோப்புக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஏறி இறங்குவார். மணியடித்தால் மறுபடி ஏறுவார். எங்களோடுதான் போண்டா சாப்பிடுவார், எங்களைவிட இரண்டு அதிகமாகவே. ஓய்வு பெறும் நாளில் அவர் போட்டுவந்தது கல்யாணச் சட்டை. எங்களில் ஒருவருக்கும் அப்படிப் போட முடிந்திருக்காது.

லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் இதையே பஸ்களில் பார்த்தார். அங்கே மாடி பஸ். டிரைவர் உட்கார்ந்தே இருப்பார், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953ல் எழுதினார். பிறகு 1956ல் அவர்களுடைய சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு அளவு பெரியது. ஆனால், வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே டிரைவர்கள் கொஞ்சம் பருமனாகத்தான் இருந்தார்கள் என்பதும் அதே சீருடைக் கணக்கில் தெரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார் பாருங்கள், அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். தையல்காரரின் அளவுப் புத்தகம் மருத்துவ ஆவணமாகலாம் என்று எனக்கு அதற்கு முன் தோன்றியதில்லை.

‘அந்தக் காலத்தில் ஆட்டுக்கல், அம்மி, கிணற்றுக் கயிறு எல்லாமே உடற்பயிற்சி’ என்று நம் குழுக்களில் அடிக்கடி வருகிறது. தசைக்கு அது வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்த என் அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே முதுகு வலி, தீராத ரத்தசோகை. கேழ்வரகு அறுக்கும் தளி, தேன்கனிக்கோட்டைப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், மெஷின் வந்தது போதும் என்பார்கள். உழைத்து ஓய்ந்த உடம்பும் பயிற்சி செய்த உடம்பும் ஒன்றல்ல.

இப்போது நம் வயதுக்காரர்களுக்கு. நாமெல்லாம் நடக்கிறோம், அதில் குறையில்லை. ஆனால் நாற்பதுக்கு மேல் தசை மெல்ல மெல்லக் கரைகிறது, எழுபதுக்கு மேல் வேகமாக. எடை குறைகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள், குறைவது எது என்று பார்க்க வேண்டும். கழிப்பறையில் கைப்பிடி இல்லாமல் எழுந்திருப்பதும், பஸ் படியில் யாரும் கை கொடுக்காமல் ஏறுவதும் தொடைத் தசையின் காரியம். அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாடரோனே என்ற மருத்துவர், சுமார் 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார். 1990ல் முடிவு வெளிவந்தது. பயிற்சியை முடித்தவர்களுக்குக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம். தொண்ணூறில் முடியுமென்றால் எழுபத்தைந்தில் ‘இனி என்ன’ என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி வேண்டும் என்றுதான் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை ஏரிக்கரையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பி.பி., சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நல்ல திட்டம், என் வீட்டுத் தெருவிலேயே பலன் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். நடையை மட்டும் யாரும் கொண்டுவந்து கொடுக்க முடியாது.

வாரம் முடிந்தது. மாப்பிள்ளையிடம் எடை மெஷினைப் பரண் மேல் வைக்கச் சொன்னேன். என் மனைவி தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்துக் கொடுத்தாள். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட பிறகு, தம் கட்டாமல் அளக்க வேண்டும். தம் கட்டினார், மகள் சிரித்தாள், மறுபடி அளந்தோம். 96 சென்டிமீட்டர். மூன்று மாதத்துக்கு முந்தைய அளவு கைவசம் இல்லை. அப்போதுதான் மகள் கொடியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து நீட்டினாள். பழைய துளையில் தேய்ந்த தடம், அதற்கு உள்பக்கத் துளையில் புதுத் தடம். நடந்த தொண்ணூறு நாளும் அங்கே பதிவாகியிருந்தன. பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் ஷூ வாசலில் இல்லை.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் ஏரிக்கரை. ஜிம் அவருக்குப் பிடிக்கவில்லை, பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறதாம். அதனால் செவ்வாய், வெள்ளி வீட்டிலேயே. நாற்காலியில் கையை ஊன்றாமல் பதினைந்து தடவை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு கையிலும் ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது. முன்பு கடைப் பையன் மாடிக்குக் கொண்டுவந்த தண்ணீர் கேனை இப்போது அவரே தூக்கி வருகிறார். இரவில் சோறு ஒரு கரண்டி குறைந்து, கொள்ளும் முட்டையும் கூடியிருக்கிறது. செவ்வாய், வெள்ளியில் நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன். எனக்குப் பத்து தடவை. பள்ளிக்கூடத்து ஜிம்னாஸ்டிக் மாஸ்டரைப்போல் ‘அன், தெ, த்ருவா’ என்று எண்ணுகிறேன். பேத்தி அதைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கத்துகிறாள். இதயக் கோளாறு, மூட்டு அறுவை சிகிச்சை, கட்டுப்படாத பி.பி. உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பளு எதையும் தொட வேண்டாம்.

டேப் போன வாரம் 93 காட்டியது. எடை எவ்வளவு என்று கேட்காதீர்கள், மெஷின் பரண் மேல்தான் இருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை பொங்கல் கழித்து.